தெரு கொடுத்த நற்சான்று

மீராவுக்கு வாய் கொஞ்சம் நீளம். பெற்ற தாய் ருக்மிணியே அதைச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனவள். செங்கல்பட்டில் அவர்கள் குடியிருந்த தெருவில் ரேஷன் கடைக்காரன் எடையில் கை வைத்தாலும், தண்ணீர் லாரிக்காரன் பாதித் தெருவோடு வண்டியைத் திருப்பினாலும், ஆம்பிளைகள் எல்லாம் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். மீராதான் போய்க் கேட்பாள். அவள் சண்டை போட்டு வாங்கிய தண்ணீரைக் குடித்துவிட்டு, "பொம்பளப் புள்ளைக்கு இவ்ளோ ஆவாது" என்று அதே தெரு சொல்லும். நன்றி கெட்ட தெரு.

அவளுடைய அப்பா ஜானகிராமன் தேவஸ்தான ஆபீசில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். சத்தம் போட மாட்டார். சத்தமே போடாமல் காரியத்தை முடிக்கிற ரகம். தொண்ணூற்றேழாம் வருஷம் ஆனி மாதக் கடைசியில் மகளைக் கூப்பிட்டு எதிரே நிறுத்திக்கொண்டு சொன்னார்.

"ஆடி முடியற வரிக்கும் உனக்கு டைமு. அதுக்குள்ள வேலை கெடச்சா போ, நான் குறுக்க நிக்க மாட்டேன். கெடைக்கலன்னா ஆவணியில வர்ற மொத எடத்துக்குத் தலைய நீட்டணும். அப்புறம் வாயத் தொறக்கக் கூடாது. சம்மதமா?"

"சம்மதம்பா."

பேச்சு பேச்சுதான் என்பது அந்த வீட்டில் அப்பாவுக்கும் மகளுக்கும் பொதுவான ஒரே குணம். மீராவுக்குக் கல்யாணத்தின் மீது பெரிய வெறுப்பு ஒன்றும் கிடையாது. காலையில் தோளில் பை மாட்டிக்கொண்டு, பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்து வேலைக்குப் போகிற பெண்களைப் பார்த்தால் அவளுக்கு வயிறு எரியும், அவ்வளவுதான். பி.காம். முடித்து, டைப்பிங் முடித்து, போன இடங்களிலெல்லாம் 'சொல்லி அனுப்புகிறோம்' என்ற பதிலோடு திரும்பியவள். இந்த ஒரு மாதத்தை விட்டால் அவளுக்கு வேறு மாதம் கிடையாது.

மாமல்லபுரத்துக்கு வடக்கே கடலைப் பார்த்தபடி ஒரு பெரிய ஓட்டல். வெள்ளைக்காரர்கள் வந்து தங்குகிற இடம். வரவேற்பு மேஜைக்கு ஒரு பெண் தேவை என்று பேப்பரில் விளம்பரம் வந்தது. ஒரே ஒரு இடம். அதற்கு வந்து குவிந்த பெண்கள் ஓட்டலின் புல்தரை கொள்ளாமல் நின்றார்கள்.

வெயிலில்தான் நிற்கவைத்தார்கள். தலைமயிரைக் குட்டையாக வெட்டிய ஒரு அம்மாள் கையில் பென்சிலோடு வரிசையில் நடந்து வந்தாள். "சிரி" என்பாள். சிரித்தால் பல்லைப் பார்ப்பாள். "நட" என்பாள். பிடிக்காவிட்டால் பென்சிலால் கேட் பக்கம் காட்டுவாள், வாயைக்கூடத் திறக்க மாட்டாள். மாட்டுச் சந்தையில்கூட விலை படியாத மாட்டைத் தடவிக்கொடுத்துத்தான் அனுப்புவார்கள். கருங்குழியிலிருந்து அப்பாவோடு வந்த ஒரு பெண், பட்டப்படிப்பில் முதல் வகுப்பு, மீராவுக்கு முன்னால் நின்றாள். அந்த அம்மாள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு எல்லோருக்கும் கேட்கும்படி, "இந்தக் கலரை முன்னாடி நிக்கவச்சா கெஸ்ட்டு பெட்டியோட திரும்பிடுவான்" என்றாள். கூட நின்ற பணியாளர்கள் சிரித்தார்கள். அந்த அப்பா மகளின் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

மீராவுக்குப் பதில் நாக்கு நுனிவரை வந்தது. தன் வேலைக்காக அதை விழுங்கினாள். பிறகு அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

மிஞ்சியவர்களை மத்தியானம் உள்ளே கூப்பிட்டார்கள். மேனேஜர் ஹர்ஷவர்தன் பெங்களூர்க்காரர், ஆறடி உயரம். பரீட்சைக்காக நடத்திய நாடகத்தில் அவர்தான் கோபக்கார விருந்தாளி. பெண்கள் ஒவ்வொருவராக மேஜைக்குப் பின்னால் போய் நிற்க வேண்டும். மற்றவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வேண்டும். "வெந்நீர் எங்கே? முட்டாள்! உன்னை எவன் வேலைக்கு வச்சான்?" என்று கத்திக்கொண்டே வந்து அறைச் சாவியை அவர்கள் மேல் வீசுவார். பித்தளைக் கட்டை கோத்த சாவி. ஒருத்திக்கு மோவாயில் பட்டு வீங்கிவிட்டது. இன்னொருத்தி தேம்பித் தேம்பி அழ, "பிரமாதம்" என்று கை தட்டினார் மேனேஜர். ஓட்டல் ஆட்களும் சேர்ந்து தட்டினார்கள்.

மீராவின் முறை வந்தது. சாவி தோளில் பட்டுக் கீழே விழுந்தது. அவள் நிதானமாகக் குனிந்து எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"வெந்நீர் இதோ வந்துரும் சார். சாவி வீசினதுக்கு ஒரு சாரி சொன்னீங்கன்னா இன்னும் சீக்கிரம் வரும்."

அறை 'ஓ' என்றது. மேனேஜர் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஏதோ குறித்துக்கொண்டார்.

அடுத்துப் போனவள் மார்கரெட். கோவளத்து மீனவக் குடும்பத்துப் பெண், நல்ல தொண்டை. தன் மேல் விழுந்த சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, "இப்ப எப்டி ரூமுக்குப் போவீங்க? ஒழுங்கா பேசினா குடுப்பேன்" என்றாள். மேனேஜர் வாய்விட்டே சிரித்துவிட்டார்.

சாயங்காலம் மிச்சம் இருந்தது இவர்கள் இருவர்தான். மேனேஜர் அப்போது மட்டும் மரியாதையாகப் பேசினார். "கடைசியா ஒண்ணு பாக்கி இருக்கு. எங்க ஆள் ஒருத்தர் உங்க தெருவுக்கு வந்து உங்களைப் பத்தி விசாரிப்பார். யாருன்னு சொல்லிக்க மாட்டார். நீங்களும் யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது. சொல்லிவச்சது தெரிஞ்சா அதோட முடிஞ்சுது. முடிவு போன்ல வரும்."

என்ன விசாரிப்பார்கள் என்று மீரா கேட்கவில்லை. ஊரே கேள்வி கேட்கக் கூப்பிடுகிற வாய், கேட்க வேண்டிய அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டது. பெண்ணைப் பற்றித் தெருவில் அடக்கத்தைத் தவிர வேறு என்ன விசாரிப்பார்கள் என்பதுதான் அவள் எண்ணம்.

மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டில் இருவரும் கரும்புச் சாறு குடித்தார்கள். மார்கரெட் பாதி டம்ளரோடு நிறுத்திவிட்டாள்.

"எனக்கு ஊத்திகிச்சு மீரா. எங்க தெருவுல எவ என்னை நல்லவள்னு சொல்லுவா? மீன் ஏலத்துல எங்கம்மாவுக்காக நான் பேசின பேச்சுக்கு இன்னும் பத்து வூட்டுல என்னத் திட்டிகினு கீறாங்க. காலு கைல வுழுந்தாகூட நடக்காது."

"அப்படில்லாம் இல்ல, விடு" என்றாள் மீரா. உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி பரவியது. பாவம் என்று நினைத்தாள், நல்லதாய்ப் போயிற்று என்றும் நினைத்தாள்; இரண்டாவதுதான் பெரிதாக இருந்தது. செங்கல்பட்டு பஸ் முதலில் வந்தது. மார்கரெட் கை காட்டினாள்.

திருக்கழுக்குன்றம் தாண்டும்போது அந்தக் குளிர்ச்சி போய்விட்டது. மார்கரெட்டின் தெருவை எடை போட்டவளுக்கு இப்போதுதான் தன் தெரு நினைவுக்கு வந்தது. எதிர் வீட்டு வரலட்சுமி நினைவுக்கு வந்தாள்.

தெருவில் போன் இருந்த ஒரே வீடு வரலட்சுமியுடையது. மீரா தன் விண்ணப்பங்களிலெல்லாம் அந்த நம்பரைத்தான் கொடுத்திருந்தாள். யார் வந்து யாரைப் பற்றிக் கேட்டாலும் முதலில் கதவைத் திறப்பவளும் வரலட்சுமிதான். போன வருஷம் கோடையில் குழாயடியில் முதல் நாள் சாயங்காலமே குடம் வைத்து இடம் பிடித்த வரலட்சுமியிடம், "குழாய் இன்னா உங்க சீதனமா?" என்று கேட்டு, அந்தக் குடத்தைக் காலால் எட்டி உதைத்தவள் மீரா. அன்றிலிருந்து பேச்சு வார்த்தை இல்லை. போன் வந்தால், "ருக்மிணி, உன் மவளுக்குப் போனு" என்று அம்மாவைத்தான் கூப்பிடுவாள்.

மறுநாள் காலையில் மீரா குழாயடிக்குப் போய், எல்லோர் முன்னாலும், "அக்கா, அன்னிக்கு நான் செஞ்சது தப்பு. மன்னிச்சுக்குங்க" என்றாள்.

வரலட்சுமி சும்மா விடவில்லை. "இன்னாது? காதுல வுழல, சத்தமா சொல்லு" என்றாள். மீரா சத்தமாகச் சொன்னாள். "எந்தக் கால்ல ஒதச்ச?" என்றாள் அடுத்து. மீரா வலது காலைக் காட்டினாள். "அந்தக் காலாலயே நடந்துபோய் என் கொடத்த வூட்டுல வச்சுட்டு வா." பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மீரா குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள்.

அது ஒரு நாளோடு போகவில்லை. ஆடி மாதம் பூராவும் மீராதான் எதிர் வீட்டுக்குத் தண்ணீர் பிடித்தாள். வரலட்சுமியின் மகளுக்குப் பேன் பார்த்தாள். கூழ் ஊற்றிய அன்று அண்டா தேய்த்தாள். தெருவில் நடக்கும்போது தலையைக் குனிந்துகொண்டாள். கேட்ட கேள்விக்கு 'சரிங்கக்கா' என்பதைத் தவிர வேறு பதில் பேசவில்லை. தண்ணீர் லாரிக்காரன் ஒரு நாள் பாதித் தெருவோடு வண்டியைத் திருப்பினான். எல்லோரும் மீரா வீட்டுக் கதவைப் பார்த்தார்கள். கதவு திறக்கவில்லை. ருக்மிணிக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "அம்மன் உனக்குப் புத்தி குடுத்துட்டாடி" என்று திருநீறு பூசினாள்.

முதலில் வெற்றிக் களிப்பில் வேலை வாங்கிய வரலட்சுமிக்குப் போகப் போக மனசு இளகிவிட்டது. மனசு இளகினால் அவள் அளவு பார்க்காதவள். ஒரு நாள் மீராவுக்குத் தலை வாரிப் பூ வைத்துவிட்டு, "உன்னப் போயி தப்பா நினச்சேனே கண்ணு" என்று அழுதே விட்டாள்.

ஆடி முடியப் போகிற சமயத்தில் அந்த ஆள் வந்தார். சஃபாரி சட்டை, கையில் குடை, நெற்றியில் விபூதி, போலீஸ் நடை. மீரா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். முதலில் அவள் வீட்டுச் சுவரோரம் அயர்ன் வண்டி போட்டிருந்த தனகோடியிடம் நின்றார். தனகோடி துணியைத் தேய்த்துக்கொண்டே ஏதோ சொல்லிச் சிரித்தார். அந்த ஆள் சிரிக்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு எதிர் வீட்டுக்குப் போனார்.

வரலட்சுமியின் குரல் எப்போதும் தெருவைத் தாண்டும். அன்று ஒரு சொல் விடாமல் கேட்டது.

"மீராவா? அந்தப் பொண்ணு இருக்கிற எடமே தெரியாதுங்க. குனிஞ்ச தல நிமிராது. எதிர்த்து ஒரு வார்த்த பேசாது. அடிச்சாகூட ஏன்னு கேக்காது. ஆம்பளைங்க இருந்தா அந்தப் பக்கமே வராது. எனக்குத் தெனம் தண்ணி புடிச்சுக் குடுக்குது, நீங்களே பாருங்களேன். இந்த வேலைக்குப் போறது கீறதுலாம் சும்மாங்க, பொழுதுபோக்குக்கு. கல்யாணம் ஆனா வூட்டோட இருந்துக்கும். அது சரி, பையன் இன்னா பண்றாரு? ஜாதகம் கொண்டாந்திருக்கீங்களா?"

மாப்பிள்ளை வீட்டார் விசாரிக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டாள்! மீராவுக்கு ஒரு நிமிஷம் திக்கென்றது. அப்புறம் யோசித்துப் பார்த்தால் சிரிப்பு வந்தது. கல்யாணம் என்றால்தான் தெருவில் நாலு நல்ல வார்த்தை கூடுதலாகச் சொல்வார்கள். வேலைக்கு என்றால் இவ்வளவு சொல்லியிருப்பாளா? அவள் ஜன்னலை விட்டுக் கீழே உட்கார்ந்து, வரலட்சுமி இருந்த திசைக்குக் கும்பிடு போட்டாள். தண்ணீர் சுமந்து காய்த்த கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆடியின் கடைசி வாரத்தில் போன் வந்தது. வரலட்சுமியின் கூடத்தில், டீப்பாயில் குரோஷா விரிப்பின் மேல் இருந்த போன். மேனேஜர் குரல்.

"சாரி மீரா. வேற ஆளை எடுத்துட்டோம். விசாரிச்சதுல நீங்க இந்த வேலைக்குச் சரிப்பட மாட்டீங்கன்னு வந்திருக்கு."

"சார், யாரு என்ன சொன்னாங்கன்னு..."

"அதெல்லாம் சொல்றதில்ல. ஆல் த பெஸ்ட்."

யார் சொல்லியிருப்பார்கள்? வரலட்சுமி சொன்னதை அவளே காதால் கேட்டாள். மிச்சம் ஒரே ஆள்தான். சிரித்துச் சிரித்துச் சொன்னானே, அவன். மீரா தெருவைக் கடந்து நேராக அயர்ன் வண்டியிடம் போனாள். ஒரு மாதமாக அடைத்துவைத்த வாய் அத்தனையும் தனகோடி மேல் கொட்டியது. திருடன் என்றாள், அப்பாவின் வேட்டியை வேண்டுமென்றே கருக்கினான் என்றாள், எங்கள் சுவரை நம்பிப் பிழைத்துக்கொண்டு எங்களுக்கே குழி பறிக்கிறாயா என்றாள். கிழவர் இஸ்திரிப் பெட்டியை ஓரமாக வைத்தார்.

"நான் இன்னாம்மா பண்ணேன்? உன்னப் பத்தி நல்லாத்தானே சொன்னேன்..."

"பொய் பேசாத!"

வீட்டுக்குள் வந்து அப்பாவிடம் அந்த வண்டியை எடுக்கச் சொல்லி அடம் பிடித்தாள். ஜானகிராமன் வழக்கம்போலச் சத்தமில்லாமல் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். வருஷக்கணக்காக நின்ற வண்டி. தனகோடி கரியை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு, மீரா வீட்டுத் துணியை மட்டும் மடித்து வாசலில் வைத்துவிட்டு, அன்று சாயங்காலமே வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். எங்கே போனார் என்று யாரும் கேட்கவில்லை.

ஆவணி பிறந்தது. முதல் முகூர்த்த நாளிலேயே வாசலில் ஒரு கார் வந்து நின்றது. பழத்தட்டும் பூவுமாக நாலைந்து பேர் இறங்கினார்கள். ஜானகிராமன் மகளைப் பார்த்தார். அவள் புடவை மாற்றிக்கொள்ளப் போனாள். பேச்சு பேச்சுதான்.

காபித் தட்டோடு கூடத்துக்கு வந்தவள், நடுவில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். சஃபாரி சட்டை இல்லை, பட்டுக்கரை வேட்டி. ஆனால் அதே விபூதி, அதே மிடுக்கு. பக்கத்தில் வரலட்சுமி ஏதோ பெண்ணைப் பெற்றவள்போல உட்கார்ந்திருந்தாள்.

"என் பேரு சதாசிவம். போலீஸ்ல ஏட்டா இருந்து ரிடையர் ஆனேன். இப்ப மாபலிபுரத்துல ஒரு ஓட்டல்ல செக்யூரிட்டி ஆபீசர்" என்று அவர் ஜானகிராமனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "நாங்களும் உங்க ஆளுங்கதான். என் சம்சாரம் போயி ரெண்டு வருஷம் ஆவுது. மூணு பசங்க, நானு. வூட்டுல பொம்பளன்னு யாரும் கெடையாது. பெரியவன் மதுராந்தகத்துல அரிசி மண்டியில கணக்கு எழுதறான், அவனுக்குத்தான் கேட்டு வந்திருக்கோம். எங்க நாலு பேருக்கும் ஆக்கிப் போட்டு, சத்தம் இல்லாம வூட்டப் பாத்துக்கற பொண்ணா தேடிகினு இருந்தேன். வேலை விஷயமா இந்தத் தெருவுக்கு வந்த எடத்துல தங்கமே கெடச்சுது."

வரலட்சுமி பூரித்துப்போனாள். "நான் சொன்னது ஒண்ணுகூட அதிகம் இல்லீங்க."

மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சதாசிவம் மீராவைப் பார்த்து வாத்சல்யமாகச் சிரித்தார். "ஏதாவது கேக்கணும்னா கேளும்மா. பயப்படாத."

ஓட்டலில் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று பாக்கி இருந்தது. அதை இப்போது கேட்டாள்.

"அந்த வேலை யாருக்குக் கெடச்சுதுங்க?"

ஜானகிராமன் தொண்டையைச் செருமினார். சதாசிவம் கையமர்த்தினார்.

"கேக்கட்டும். கோவளத்துப் பொண்ணும்மா அது. விசாரிக்கப் போனா தெருவே கூடி நின்னு திட்டுது. வாயாடி, சண்டக்காரி, எவனுக்கும் அடங்காதுன்னு. அதக் கேட்டுட்டு மேனேஜர் குதிக்கிறாரு, இந்த மாதிரி ஆள்தான் வேணும்னு. குடிச்சுட்டு வர்ற வெள்ளக்காரன அதட்டி நிறுத்தணுமாம். அதுக்குத்தான் என்னை அனுப்பினதே: ஓட்டல்ல காட்டின தைரியம் நெசமா நடிப்பா, பாத்துட்டு வான்னு. உன்னையும்கூட ஒருத்தன் அப்படித்தான் சொன்னான், இங்க வெளிய அயர்ன் வண்டி போட்டிருந்தான் பாரு. 'அந்தப் பொண்ணு வாயத் தொறந்தா தெருவே அடங்கிடும் சார், ராணி மாதிரி'ன்னான். நான் அத மேனேஜர்கிட்ட சொல்லவே இல்ல. குடும்பத்துக்கு வரவேண்டிய பொண்ணுக்கு எதுக்கு அந்தப் பொழப்பு? நானே பாத்து வேணாம்னு சொல்லிட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். வரலட்சுமி எழுந்து வந்து, தன் தலையிலிருந்த பூவில் பாதியைக் கிள்ளி மீராவுக்கு வைத்தாள். "கேட்டியாடி? என் வார்த்த வீண்போகல."

திறந்திருந்த கதவு வழியாக வெளிச்சுவர் தெரிந்தது. வண்டி நின்ற இடத்தில் கரி படிந்த கறை அப்படியே இருந்தது. மீரா வாயைத் திறந்தாள். ருக்மிணி கண்ணாலேயே வேண்டாம் என்று கெஞ்சினாள். ஜானகிராமன் மகளையே பார்த்தார்.

"காபிக்குச் சக்கரை போதுங்களா?" என்று கேட்டாள் மீரா.

"போதும்மா" என்றார் சதாசிவம்.